இடது பக்கத்து இருக்கை

சிரஞ்சீவி ஸ்ரீதருக்கு, பெருமாள் புண்ணியத்தில் நீ சுகமாக இருப்பாய். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நலம் விசாரிப்பு இத்துடன் போதும், இந்தக் கடிதம் அதற்காக எழுதப்படவில்லை. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். பெங்களூரில் உன் அறை நண்பர்கள் படித்தாலும் சரி, தபால்காரர் படித்தாலும் சரி. உன் மாமாவே எடுத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. முப்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்தாகிவிட்டது.

போன வாரம் வந்த உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஜானவாசத்துக்குப் பெண் வீட்டார் வாடகைக் கார் பிடிக்க வேண்டாம், நம் வீட்டுச் சிவப்பு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு ஊர்வலம் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். அடுத்த வரியில், பக்கத்து சீட்டில் மாமாவை உட்கார வைத்துக்கொள்கிறேன், அவர் ரொம்ப ஆசைப்படுகிறார், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்த கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வண்டியில் இருப்பதே இரண்டு இருக்கை. வலது பக்கம் ஸ்டியரிங், அது உனக்கு. இடது பக்கத்து இருக்கையில் என் அண்ணா உட்காரக் கூடாது. ஏன் என்று நீ கேட்பாய். காரணம் தெரியாமல் நீ எதையும் ஒப்புக்கொள்ளாதவன், அதில் நீ என் பிள்ளை. அதனால் சொல்கிறேன்.

என் கல்யாணத்தின்போது என் தகப்பனார் இல்லை. அண்ணாதான் எல்லாம். பெரிய கம்பெனியில் அதிகாரி, மாரேட்பள்ளியில் காம்பவுண்டு வைத்த வீடு, வாசலில் இந்த வண்டி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. கூரை மடங்கும், சக்கரங்களில் கம்பிகள் மின்னும், நின்றாலும் ஓடுவதுபோல் இருக்கும். உன் அப்பா அப்போது சனத்நகரில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் டர்னர். சம்பந்தம் பேசியபோதே ஜானவாசத்துக்குத் தன் திறந்த காரை அனுப்புவதாக அண்ணா எல்லார் முன்னாலும் சொன்னான். உன் அப்பா வீட்டார் வேறு எதுவும் கேட்கவில்லை. கொலுசுகூடக் கேட்கவில்லை.

ஜானவாசத்தன்று சாயங்காலம் நான் உள் அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணா என் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "லேத்து ஓட்டறவனை அதுல ஏத்தினா சீட்டெல்லாம் எண்ணெய்க் கறை ஆயிடும்மா. என் டைரக்டர் ஸ்டேஷன்ல வந்து எறங்கறார், அவரை அழைச்சுண்டு வரணும். மாப்பிள்ளைக்கு ரிக்‌ஷா சொல்லிட்டேன். அவனுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" அம்மா ஏதோ முனகினாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போதும் என்னால் அப்படியே சிரித்துக் காட்ட முடியும்.

பிள்ளையார் கோயிலிலிருந்து உன் அப்பா சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்தார். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ், நடுவில் க்றீச் க்றீச் என்று ஒரு ரிக்‌ஷா. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். எங்கள் வாசலுக்குப் பத்தடி முன்னால் செயின் கழன்றது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? மாலையும் கோட்டுமாக இறங்கிக் குந்தி உட்கார்ந்து, செயினைத் தானே பல்சக்கரத்தில் மாட்டினார். "பாயி, செயின் லூஸ் ஹை. ஒரு கண்ணி எடுத்துடுங்கோ, சரியாப் போயிடும்" என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொல்லிவிட்டு, தொழிற்சாலைப் பழக்கத்தில் கையைக் கோட்டு நுனியில் துடைத்துக்கொண்டார். என் அம்மா தன் வளையலை அடகு வைத்துத் தைத்துக் கொடுத்த கிரீம் நிறக் கோட்டு. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கறையை நான் இதுவரை வெளுக்கப் போடவும் இல்லை. கோட்டு என் டிரங்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டைகளோடு இருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலாவது வருஷம் என்று நினைக்கிறேன், அப்பா ஒரு நாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "உங்க அண்ணா டெல்லிக்கு மாத்திண்டு போறாராம். அந்த வண்டியப் பழைய இரும்புன்னு கபாடிக்குப் போட்டுட்டார். காசிம் பாய் கடைல கெடக்கு. பாவம்." அந்த 'பாவம்' வண்டிக்கு. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "வாங்குங்கோ" என்றேன். "எதை?" "அதைத்தான்." அவர் என்னை ஜுரம் கண்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறுநாள் நானே மல்காஜ்கிரியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வண்டி சேற்றில் அரை அடி புதைந்திருந்தது. இரண்டு இருக்கையிலும் கோழி முட்டையிட்டிருந்தது. காசிம் பாய் நல்ல மனுஷர். "அரே அம்மா, யே காடி நை, முர்கி கா கர் ஹை. நக்கோ அம்மா, நக்கோ" என்று இரண்டு கையாலும் தடுத்தார். கோழி வீடானாலும் எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொடுத்தார். முட்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்பாவுக்குப் பொழுதுபோக்கு என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கும் அப்படித்தான் சொன்னேன். பூஜை அலமாரி முன்னால் நின்று பெருமாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். இந்த வண்டி ஓட வேண்டும், அண்ணா என் வாசலுக்கு வந்து இதைத் தரச்சொல்லிக் கேட்க வேண்டும், அதுவரை நாக்கில் சர்க்கரை வைப்பதில்லை. என் காபி ஏன் அப்படிக் கசந்தது என்று சின்ன வயதில் கேட்பாயே, இதுதான். ரேஷனில் என் பங்குச் சர்க்கரையைப் பக்கத்து வீட்டுக்கு விற்று, அந்தக் காசைத் தனி டப்பாவில் போட்டேன். இரண்டு வருஷத்தில் அது ஒரு செட் பிஸ்டன் ரிங் ஆனது. கணக்கு நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: சர்க்கரை வகையில் ரிங்.

அப்பாவுக்குக் கை உண்டு, இங்கிலீஷ் கிடையாது. எனக்கு இரண்டுமே கிடையாது. கோட்டி கடைத்தெரு நடைபாதையில் அந்த வண்டியின் ரிப்பேர்ப் புத்தகம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பாடான பிறகு ஒரு பக்கம், அதற்குமேல் முடியாது. ஓரத்தில் தமிழில் எழுதி வைப்பேன், சாயங்காலம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். நீ ஒன்பதாம் வகுப்பில் கார்பரேட்டர் படம் போட்டபோது நான் தப்பைக் காட்டினேனே, ஸ்கூலுக்கே போகாத அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று வாயைப் பிளந்தாய். கோபத்தைப்போல் ஒரு வாத்தியார் கிடையாது, ஸ்ரீதர். என்னை உட்கார வைத்து எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்க வைத்தது அதுதான்.

தொழிற்சாலை லேத்தில் வண்டிக்கு ஒரு புஷ் கடைந்துகொண்டு வந்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றார் அப்பா. கூடாது என்றேன். நான் செய்வது பழி, அதில் திருட்டு கலக்கக் கூடாது. ஆகவே சனத்நகரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அவர்களுக்கு வேலை செய்வார், மத்தியானம் அவர்கள் லேத்தில் நம் வேலையைச் செய்துகொள்வார். கூலி பணமாக வேண்டாம், லேத்தாகக் கொடுங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். துருப்பிடித்த போல்ட்டுகளை நான் புளித்தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பேன், வெள்ளிபோல் வரும். குழம்பில் புளி குறைகிறதே என்று நீங்கள் இருவரும் முணுமுணுத்தீர்கள். சக்கரக் கம்பிகளுக்கு சைக்கிள் கடைக்காரர் கோணல் எடுத்துக் கொடுத்தார். கூரைக்குத் தார்ப்பாய் வாங்கி என் தையல் மெஷினில் தைத்தேன், ஏழு ஊசி உடைந்தது.

வால்வுகளை அரைத்தது முழுக்க நான். எட்டு வால்வு. பசையைத் தடவி, குச்சியின் நுனியில் வால்வை ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்துபோல் உருட்ட வேண்டும். ஒரு வால்வுக்கு ஆயிரத்தெட்டு ராம நாமம் என்று வைத்துக்கொண்டேன். உதடு ராமா ராமா என்னும், கண்ணுக்குள் அண்ணாவின் முகம் நிற்கும். அதையும் பெருமாள்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேலே கிரோசின் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்போம். எட்டில் ஒன்றுகூட ஒழுகவில்லை. "இந்த மாதிரி சீட்டிங் எங்க ஷாப்ல ஒருத்தனுக்கும் வராது" என்றார் அப்பா. முப்பது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். என் சாம்பாரைக்கூட 'பரவாயில்லை' என்பவர்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அண்ணா பொங்கலுக்கு வருகிறான் என்று தெரிந்ததும், அதற்குள் எஞ்சின் உறும வேண்டும் என்று அப்பாவைப் பிடுங்கியெடுத்தேன். எஞ்சின் ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்க வேண்டும் என்று நானே புத்தகத்தில் படித்து எழுதி வைத்தவள். அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து வலுவாக முறுக்கிக்கொண்டே போய்விட்டேன். ஸ்டார்ட் செய்த பத்தாவது நிமிஷம் கேஸ்கட் போனது, சமையலறைவரை வெந்நீர் ஆவி. அண்ணா வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனான், வண்டி நின்ற கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. நாளைக்குக் கல்யாணமானதும் உனக்கும் கீதாவுக்கும் சண்டை வரும், வராமல் இருக்காது. அன்றைக்கு இந்த நட்டுகளை நினைத்துக்கொள். ஒரே ஓரத்தில் முறுக்காதே.

ஆறு வருஷத்தில் வண்டி ஓடியது. தெரிந்த பெயிண்டர் மிச்சமிருந்த சாம்பல் கலரைச் சும்மாவே அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், அதே சிவப்புதான் வேண்டும் என்று காசு கொடுத்து அடிக்கச் சொன்னேன். செலவில் நான் செய்த ஒரே ஊதாரித்தனம் அதுதான். அண்ணாவுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

தெரிந்தது. மறு வருஷம் அவன் பெண் விமலாவுக்கு இங்கேயே கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை வைக்க வந்தவன் கொட்டகையைப் பார்த்து நின்றுவிட்டான். "அடேயப்பா! நம்ம பழைய வண்டி மாதிரியே இருக்கே!" "அதேதான் அண்ணா" என்றேன். பானெட்டைத் தட்டினான். "மாப்பிள்ளை, கை தேர்ந்துடுத்து போங்கோ! ஏண்டி, விமலா ஜானவாசத்துக்கு இதை அனுப்பேன்?" இருபத்தோரு வருஷம் காத்திருந்த கேள்வி. "அதுக்கென்ன அண்ணா, அனுப்பறேன்" என்றேன். அவன் போனதும் காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தேன். அப்படி ஒரு இனிப்பை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

விமலா ஜானவாசத்தன்று நீ வாரங்கல்லில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அப்பா விடியற்காலையிலேயே எழுந்து வண்டியைத் துடைத்தார், பூச்சரம் கட்டினார். அவர் குளிக்கப் போனபோது நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலுமே ரோட்டர், கட்டை விரல் அளவு இருக்கும், அதை உருவி எடுத்துப் பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்தேன். சுவாமியையே களவுக்குக் காவல் வைத்தேன். தெருமுனை ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன், பூ அலங்காரத்தோடு. சாயங்காலம் வண்டி கிளம்பவில்லை. அப்பா மூடியைத் திறந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்க?" "எனக்கென்ன தெரியும்?" "வேற யாருக்கும் தெரியாதுடி, இதுக்குள்ள என்ன இருக்குன்னு." அவர் துணியில் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அந்த ரிக்‌ஷால உக்காந்தவன் நான். எனக்கே வலிக்கல. நீ யாருக்காக இதைப் பண்றே?"

ஆனாலும் ரிக்‌ஷா போயிற்று. யாரோ பெற்ற பிள்ளை, சூட்டும் டையுமாக அதில் ஏறி உட்கார்ந்தான். நான் அண்ணாவின் முகத்தைப் பார்ப்பதற்காகவே அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்! "ஓட்டை வண்டிய நம்பினது என் தப்பு. ரிக்‌ஷா ஜோராத்தான் இருக்கு, ஹவ், ஆமாம்!" என்று சம்பந்தி தோளில் தட்டினான். பொறுக்காமல், "அண்ணா, என் ஜானவாசம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லாம என்ன? மாப்பிள்ளை நம்ம வண்டியிலதானே வந்தார், ராஜா மாதிரி?" என்றான். பொய் சொல்லவில்லை, ஸ்ரீதர். அவன் கண்ணைப் பார்த்தேன். அப்படித்தான் அவனுக்கு நினைவு. அனுப்புகிறேன் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, அனுப்பாதது இல்லை. நான் சர்க்கரையில்லாத காபி குடித்த ஏழு வருஷமும் அவனுக்கு ஒன்றுமில்லை.

உள்ளே போனேன். விமலா தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மாமியார் பேசிக்கொண்டிருந்தாள். "காருன்னு சொல்லிட்டு சைக்கிளக் குடுக்கறா. இன்னும் எதெதை மாத்திக் குடுக்கப்போறாளோ." விமலா தலையைத் தூக்கவில்லை. அவள் மடியில் சொட்டியது எனக்குத் தெரிந்த கண்ணீர்.

வண்டி ஒன்பது வருஷம் ஏன் ஓடவில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் 'பார்ட்ஸ் கிடைக்கல' என்பாரே அப்பா, கிடைக்காமல் இல்லை. வேறு ரோட்டர் வாங்கிப் போடலாமே என்று நானே ஒரு தடவை சொன்னேன். "போட மாட்டேன். எடுத்த கைதான் வெக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. போன மாதம் உன் கல்யாணம் நிச்சயமானதும் நான் குகட்பள்ளிக்குப் போய், ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கும் விமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "ரெண்டு வருஷம் அத்தை, எங்க மாமியார் என்னை 'ரிக்‌ஷா'ன்னுதான் கூப்டா. 'ரிக்‌ஷா, காபி கொண்டா.' போயி சேந்துட்டா, விடுங்கோ." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கீரைத்தட்டைக் கீழே வைத்தாள். "செஞ்சது தப்பு இல்ல அத்தை. தப்பான ஆளை ஏத்திட்டேள்."

அன்று வீட்டுக்கு வந்து ரோட்டரை எடுத்து, என் கையாலேயே அதன் இடத்தில் வைத்தேன். அப்பா பாட்டரியை மாட்டினார், சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டது.

அண்ணாவை மன்னிக்கச் சொல்லி நீ பதில் எழுதாதே. மறந்துபோனவனை எப்படி மன்னிப்பது? மாலை மாற்றும்போது உன்னைத் தோளில் தூக்க வேண்டிய தாய்மாமன் அவன், அதை அவன் செய்யட்டும், குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் முதல் நாள் சாயங்காலம் இடது பக்கத்து இருக்கை உன் அப்பாவுக்கு. கிரீம் கோட்டை வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். அவர் இளைத்துவிட்டார், பொத்தான் நன்றாகவே போடலாம். கறை அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். மாமாவிடம் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று கவலைப்படாதே. அவனுக்கு முழங்கால் வலி, ஊர்வலத்தில் நடக்க முடியாது. அதனால் உன் வண்டிக்கு நேர் பின்னால் அவன் வர ஒரு சைக்கிள் ரிக்‌ஷா சொல்லியாகிவிட்டது, இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸோடு. பூச்சரம் விமலாவின் செலவு, கேட்டு வாங்கிக்கொண்டாள். நீ முதல் கியரிலேயே வா, ரிக்‌ஷா பின்தங்கக் கூடாது. வழியில் எங்கேயாவது செயின் கழலும். அப்பா உடனே கதவைத் திறந்து இறங்கப் பார்ப்பார், அவர் சுபாவம் அது. நீ அவர் கையைக் கெட்டியாகப் பிடித்து உட்கார வை. உன் மாமா இறங்கி மாட்டட்டும்.

அம்மா